கல்யாண அலங்காரம்: அவருக்கு ஒரு பாணி, எனக்கு ஒரு பாணி, மண்டபத்து கார்ப்பெட்டுக்கு ஒரு பாணி

குடைராட்டினம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். கல்யாணத்துக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. மண்டபம் பிடித்தாயிற்று, உடையும் எடுத்தாயிற்று. நேற்று அலங்காரம் செய்பவரைப் பார்க்கப் போனோம். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தீம் என்ன?" நானும் என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம், வேறு வேறு பதில்.

எனக்குக் காய்ந்த புல், சணல், மரம், கொஞ்சம் பழைய லேஸ் துணி என்றால் உயிர். 'போஹோ' என்கிறார்களே, அதுதான். என்னவருக்கு எல்லாம் நேர்கோடு, 'மினிமல்' என்கிறார்களே, அது. வெள்ளைத் துணி, கறுப்பு இரும்புச் சட்டம், ஒரே வகைப் பூ, முடிந்தது. என் போனில் 312 படங்கள் சேர்ந்திருக்கின்றன. அவரிடம் இருப்பது ஏழு. அந்த ஏழும் ஒரே படம் மாதிரிதான் இருக்கிறது என்று சொன்னால் முகம் தூக்கிவிடுகிறார்.

போதாதென்று மண்டபத்தில் ஒரு கார்ப்பெட். அரக்குச் சிவப்பில் ஆளுயரத்துக்குத் தங்கச் சுருள்கள். தரையோடு ஒட்டியிருக்கிறது, எடுக்க முடியாது. அப்பாவோ 'கிராண்டா இருக்கணும்' என்பதற்கு மேல் எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார்.

நீங்களெல்லாம் எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? "மனசுக்குப் பிடித்ததைச் செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். மனசுக்குப் பிடித்தது 312 இருக்கிறது.


சுவர்ப்பல்லி

312-இல் 300-ஐ அழியுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. மீதி பன்னிரண்டையும் அவருடைய ஏழையும் ஒரே திரையில் அடுக்கி வைத்து, அரைக்கண் மூடிப் பாருங்கள். பூவும் புல்லும் மங்கிப்போய் நிறமும் இருட்டும் வெளிச்சமும் மட்டும் தெரியும். எது திரும்பத் திரும்ப வருகிறது என்று எழுதுங்கள். பொருள்களின் பெயரை எழுதக் கூடாது. 'உயரம்', 'காலி இடம்', 'மங்கல்' என்கிற மாதிரி எழுத வேண்டும்.


வெண்சுண்ணாம்பு

ஒன்பது வருடம் அலங்கார வேலையில் இருந்தவன். இப்போது விட்டுவிட்டேன், அதனால் மனசு விட்டுச் சொல்லலாம். "தீம் என்ன?" என்று முதலில் கேட்கிற அலங்காரக்காரர் தன் வேலையைச் சுலபமாக்கிக்கொள்கிறார். முதலில் கேட்க வேண்டியது "மண்டபம் எது, எத்தனை மணிக்கு?" என்பதுதான்.

கல்யாணம் எந்த நேரத்திலோ அதே நேரத்தில் மண்டபத்துக்கு ஒருமுறை போங்கள். காலையில் ஜன்னல் வழியாக வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது, மாலையில் எந்த விளக்குகளைப் போடுகிறார்கள், கூரை எத்தனை அடி உயரம், எதைக் கழற்றலாம், எதைக் கழற்ற முடியாது, எல்லாவற்றையும் பாருங்கள். கழற்ற முடியாத பொருள்தான் உங்கள் தீமின் முதல் வரி. உங்களுக்கு அது அந்த கார்ப்பெட். அதோடு சண்டை போட்டால் கார்ப்பெட்தான் ஜெயிக்கும், பரப்பளவு அதற்குத்தான் அதிகம்.

பழைய கதை ஒன்று சொல்கிறேன். 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கோப்லான் என்கிற திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் பொறுப்பில் ஷெவ்ரல் என்கிற வேதியியலாளர் இருந்தார். கறுப்பு நூலில் சத்தே இல்லை, சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறை எதுவும் இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நிறம்தான் கறுப்பை வெளுக்க வைத்திருந்தது. ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தை மாற்றிக் காட்டும் என்பதை 1839-இல் ஒரு பெரிய புத்தகமாகவே எழுதினார்.

இதை நான் மண்டபங்களில் தினமும் பார்த்திருக்கிறேன். கடையில் பளிச்சென்று இருந்த க்ரீம் துணியை, சுத்த வெள்ளைச் சுவருக்கு முன்னால் தொங்கவிட்டால் அழுக்குத் துணி மாதிரி இருக்கும். அதே துணி பழுப்புச் சுவருக்கு முன்னால் வெண்ணெய் மாதிரி இருக்கும். ஆகவே துணியைக் கடையில் வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு முழம் வாங்கிக்கொண்டு போய் கார்ப்பெட் மேல் போட்டுப் பாருங்கள்.


நடுராத்திரி_டீ

எனக்கு ஒரு சந்தேகம். தீம் என்று ஒன்று எதற்கு? படம் சேர்த்து வைக்கிற பின்ட்ரெஸ்ட் தளம் வந்ததே 2010-இல்தான். அதற்கு முன்னால் கல்யாணம் பண்ணினவர்கள் எல்லாம் பாணி தெரியாமல் தவித்தார்களா? நாலு பூ, நல்ல வெளிச்சம், சுத்தமான இடம், போதும். போஹோ, ரஸ்டிக், மினிமல் எல்லாம் வாடகைப் பொருளுக்கு ஒட்டுகிற சீட்டுகள்.


வெண்சுண்ணாம்பு

@நடுராத்திரி_டீ, பாதி சரி. பெயர் தேவையில்லை. ஆனால் ஒரு முடிவு தேவை. முடிவு இல்லாத இடத்தில் கடைசி நேரத்தில் ஆளாளுக்கு ஒன்று கொண்டுவந்து வைப்பார்கள். பெரியம்மா பிளாஸ்டிக் அன்னம் கொண்டுவருவார், மண்டபக்காரர் நீல விளக்கைப் போட்டுவிடுவார். "அது இங்கே பொருந்தாதுங்க" என்று சொல்வதற்கு உங்களிடம் ஒரு காரணம் இருக்க வேண்டுமே. பாணி என்பது அந்தக் காரணம்தான்.


கண்ணாடிக்காரி

என் கதையைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். எனக்கு ஆர்ட் டெகோ பைத்தியம். 1925-இல் பாரிஸில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியிலிருந்து வந்த பெயர் அது. விசிறி வடிவம், கறுப்பு, தங்கம், கண்ணாடி. மேடைக்குப் பின்னால் முழுக்கக் கண்ணாடித் தகடு வைக்கச் சொன்னேன். கணினியில் வரைந்து காட்டினார்கள், அசந்துபோனேன்.

வரைபடத்தில் எதிரே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பதுதான் பிரச்சினை. கல்யாணத்தன்று கண்ணாடியில் என்ன தெரியும்? எதிரே இருப்பதெல்லாம் தெரியும். பச்சை நிற 'வெளியே' பலகை, போட்டோகிராபரின் வெள்ளைக் குடை, மூன்றாவது வரிசையில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற என் சித்தப்பா. நாங்கள் கையெழுத்துப் போடுகிற படத்தில் எங்கள் தலைகளுக்கு நடுவில் சித்தப்பா தூங்குகிறார். ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறோம், பாணி பற்றி யார் கேட்டாலும் அதைக் காட்டுவேன்.

அந்தப் பாணியில் குறை இல்லை. விசிறி வடிவத்தை அட்டையிலும் வரவேற்புப் பலகையிலும் வைத்துக்கொண்டு பின்னால் மினுங்காத கறுப்புத் துணி போட்டிருக்கலாம். ஒரு பாணியின் எல்லாப் பொருள்களையும் உள்ளே கொண்டுவர வேண்டியதில்லை.


அரைநொடி

கல்யாணப் படம் எடுப்பது என் தொழில். மேலே சொன்ன வெள்ளைக் குடை எனக்குச் சொந்தமானது இல்லை :)

எல்லாரும் பூவையும் துணியையும் பேசுகிறீர்கள். பாணியைத் தீர்மானிப்பது வெளிச்சம். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்கிற அளவில் சொல்வார்கள். மெழுகுவர்த்தியின் நிறம் ஏறக்குறைய 1900 கெல்வின், மஞ்சள் பல்பு 2700, பகல் வெளிச்சம் 5500 பக்கம். கெல்வின் ஏற ஏற நீலம் ஏறும். நம் கண் சமாளித்துக்கொள்ளும், கேமரா சமாளிக்காது. மேடையில் 2700, கூரையில் 6500 வெள்ளை எல்ஈடி, பக்கத்தில் ஜன்னல் என்று மூன்றும் கலந்தால், நான் எதைச் சரிசெய்தாலும் பாதி முகம் மஞ்சள், பாதி முகம் நீலம். அதற்குப் பிறகு அது போஹோவா மினிமலா என்று யாருக்கும் தெரியப் போவதில்லை.

கீழிருந்து மேலே அடிக்கிற ஊதா, நீலப் பார் லைட் சுவருக்கு அழகு. முகத்தில் பட்டால் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்த மாதிரி இருக்கும். வண்ணம் சுவரோடு நிற்கட்டும், முகத்துக்குச் சாதாரண வெளிச்சம் தனியாக வேண்டும்.

விளக்கு வாடகைக்கு எடுக்கும்போது 'சிஆர்ஐ எவ்வளவு' என்று கேளுங்கள். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான எண் அது. 90-க்கு மேல் இருந்தால் நல்லது. எண் தெரியவில்லை என்றால் கல்யாண உடையின் துண்டுத் துணி ஒன்றையும் உங்கள் கையையும் அந்த விளக்குக்கு அடியில் பிடியுங்கள். கையைப் பார்த்தால் நோயாளி கை மாதிரி இருந்தால் அந்த விளக்கு வேண்டாம்.

இன்னொன்று. பேக்டிராப், அதாவது மேடைக்குப் பின்னணித் திரை, முழுக்க சீரியல் லைட் தொங்கவிட்டால் நேரில் வானம் மாதிரி இருக்கும். படத்தில் உங்கள் தலையைச் சுற்றி நூறு புள்ளி. முகத்தை விடப் பின்னணி பிரகாசமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி.


குடைராட்டினம்

மூன்று நாள் கழித்து வருகிறேன். @சுவர்ப்பல்லி சொன்னதைச் செய்தோம். 300 படங்களை அழிப்பதற்கு ஒரு முழு ராத்திரி ஆனது, அழுகையே வந்துவிட்டது.

பன்னிரண்டும் ஏழும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரைக்கண்ணால் பார்த்தோம். இவர் முதலில் சொன்னார், "உன் படத்தில் எதிலும் நடு மதியம் இல்லை." உண்மை! பன்னிரண்டிலும் மாலை வெயில், அல்லது விளக்கு மட்டும். நான் காய்ந்த புல் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பிடித்தது அந்தப் புல்லின் ஓரத்தில் பட்ட வெளிச்சம்.

அவருடைய ஏழு படங்களில் திரும்பத் திரும்ப வந்தது என்ன தெரியுமா? ஆள் உட்காரும் இடத்தைச் சுற்றி ஒன்றுமே இல்லை. என்னுடைய பன்னிரண்டில் எட்டிலும் அப்படித்தான். ஒரு பக்கம் குவியல், மறுபக்கம் காலி. இரண்டு பேருக்கும் பிடித்தது காலி இடம், மங்கிய மஞ்சள் வெளிச்சம். ஒரு மாதமாகப் புல்லா இரும்பா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

ஆனால் அப்பா? காலி இடத்தை அவரிடம் எப்படி கிராண்ட் என்று சொல்லி விற்பது?


அலமேலு_அத்தை

கண்ணு, அப்பாவிடம் "கிராண்டுன்னா என்னப்பா?" என்று கேட்டாயா? என் மகள் கல்யாணத்தில் இதே கூத்து. அவள் மாமனார் பிரமாண்டம் பிரமாண்டம் என்று ஒரு மாதம் நச்சரித்தார். கடைசியில் உட்காரவைத்துக் கேட்டால், வாசலில் இறங்கும்போதே இதுதான் நம் வீட்டுக் கல்யாணம் என்று தெரிய வேண்டும், பெயர் பெரிதாக இருக்க வேண்டும் என்றார். அவ்வளவுதான். வாசலை அவர் கையில் கொடுத்தோம். உள்ளே ஒரு வார்த்தை பேசவில்லை.


காம்புக்கத்தி

பூக்கடைக்காரி. புல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அந்தக் காய்ந்த பாம்பாஸ் புல் பஞ்சு பஞ்சாக உதிரும். கறுப்புக் கோட்டில் ஒட்டினால் போகவே போகாது. உதிராமல் இருக்க ஹேர் ஸ்ப்ரே அடிப்பார்கள், அது இன்னும் மோசம், எளிதில் தீப்பிடிக்கும். மங்கிய வெளிச்சம் என்று சொல்லி மெழுகுவர்த்தி வைத்து, பக்கத்தில் அந்தப் புல்லையும் வைத்தால் நான் அந்தக் கல்யாணத்துக்கு வரமாட்டேன். பேட்டரி மெழுகுவர்த்தி வையுங்கள். துணி எதுவானாலும் விளக்கில் படாமல் இருக்கட்டும், வெளியேறும் கதவை அலங்காரத்தால் மூடாதீர்கள்.

பூவைப் பாணி பார்த்து வாங்காதீர்கள், மணி பார்த்து வாங்குங்கள். ஹைட்ரேஞ்சியா படத்தில் மேகம் மாதிரி இருக்கும், தண்ணீர் இல்லாமல் வைத்தால் சில மணி நேரத்தில் தலை தொங்கிவிடும். காலையில் கட்டி ராத்திரி வரை நிற்க வேண்டும் என்றால் கார்னேஷனும் சாமந்தியும்தான். லில்லி வைத்தால் நடுவிலிருக்கும் மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிடச் சொல்லுங்கள். அந்தப் பழுப்புத் தூள் வெள்ளை உடையில் பட்டால் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் உள்ளே இறங்கிவிடும். ஒட்டு டேப்பால் ஒற்றி எடுக்க வேண்டும்.

பூ செருகுகிற பச்சை நுரைக்கட்டியையும் முடிந்தால் தவிருங்கள். அது பிளாஸ்டிக். மக்காது, கையில் பொடிந்து தண்ணீரோடு போகும். கம்பி வலையைச் சுருட்டிக் குவளைக்குள் வைத்தாலே காம்பு நிற்கும், நான் பாதி வேலையை அப்படித்தான் செய்கிறேன்.


இருபதடி

துணி தைக்கிறவன். ஒரே ஒரு கணக்கு. 20 அடி அகல பேக்டிராப்புக்கு 20 அடி துணி வாங்காதீர்கள். மடிப்பு விழ வேண்டும் என்றால் இரண்டு மடங்கு, நன்றாக விழ இரண்டரை. அதாவது 40 முதல் 50 அடி. மினிமல் என்று சொல்லிவிட்டுத் துணியில் கஞ்சத்தனம் செய்தால் மருத்துவமனைத் திரை மாதிரி ஆகிவிடும். சாட்டின் வேண்டாம், ஃப்ளாஷ் பட்டால் எண்ணெய் மாதிரி மினுங்கும், ஒவ்வொரு சுருக்கமும் தெரியும்.


நடுராத்திரி_டீ

என் பங்குக்கு ஒன்று. பாதிக் காசை வாசல் வளைவில் போடுகிறார்கள். ஒரு ஆள் வாசலைத் தாண்டப் பத்து நொடி ஆகும். மேடையைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். அத்தை மன்னிக்க வேண்டும்.


அலமேலு_அத்தை

மன்னித்தேன். ஆனால் தம்பி, அந்தப் பத்து நொடியில்தான் அவர் மனசு அமைதியானது. அதைக் கணக்கில் எப்படிச் சேர்ப்பாய்?


வெண்சுண்ணாம்பு

மேஜை அலங்காரத்தையும் மறக்காதீர்கள். முழங்கையை மேஜையில் ஊன்றி உட்காருங்கள். முன்கை உயரத்துக்கு மேல் பூ போனால் எதிரே இருப்பவர் முகம் மறையும். 30 சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கட்டும், அல்லது மெல்லிய தண்டில் 60-க்கு மேலே போகட்டும். நடுவில் நின்றால் எல்லாரும் குவளையைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் பேசுவார்கள், நீங்கள் தேர்ந்தெடுத்த பாணி ஜன்னலோரம் போய்விடும்.


குடைராட்டினம்

இன்று சாயங்காலம் ஐந்தரைக்கு, கல்யாண நேரத்துக்கே, மண்டபம் போய்வந்தோம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனோம்.

ஆறு துணித் துண்டுகளை கார்ப்பெட்டில் விரித்தோம். வெள்ளை போட்டதும் சிவப்பு குபீரென்று எழுந்து நின்றது, அரக்கு இன்னும் அரக்காகிவிட்டது. இவரே "வேண்டாம்" என்றார். சணல் நிறம் சேறு மாதிரி ஆனது, அது என் முறை. அப்புறம் குனிந்து பார்த்தபோது அந்தத் தங்கச் சுருளின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு, காய்ந்த செங்கல் நிறம். இத்தனை நாள் அது கண்ணில் படவே இல்லை. அதே நிறத்தில் ஒரு துண்டை வைத்ததும் கார்ப்பெட் வாயை மூடிக்கொண்டது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, சுருள்கள் அங்கேயேதான் இருந்தன, ஆனால் கத்தவில்லை.

அப்பாவிடம் அத்தை சொன்ன கேள்வியைக் கேட்டேன். அவர் கடைசி வரிசைக்குப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். "இங்கே இருந்து பார்த்தா நீ தெரியணும். போன வருஷம் ஒரு கல்யாணத்துல கடைசி வரைக்கும் பொண்ணு முகத்தையே நான் பாக்கல" என்றார். இதுதான் அவருடைய கிராண்ட்! எனக்கு ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை.

முடிவு இதுதான். மேடை ஒன்றரை அடி உயரம் கூடுகிறது. பின்னால் செங்கல் நிறத் துணி, சாட்டின் இல்லை, 50 அடி. அதற்கு முன்னால் அவருடைய கறுப்பு இரும்புச் சட்டம் ஒன்றே ஒன்று, நடுவில் இல்லை, இடது பக்கம் தள்ளி. அந்த இடது காலில் மட்டும் என் குவியல், இலையும் சாமந்தியும். புல் கிடையாது. வலது பக்கம் காலி. கூரையில் இருக்கிற வெள்ளை விளக்குகளை அணைத்துவிட்டு மேடைக்கு 3000 கெல்வின் இரண்டு, முகத்துக்கு மட்டும். @அரைநொடி, ஜன்னலுக்குத் திரை போட வேண்டுமா?


அரைநொடி

ஐந்தரைக்கு வெயில் எப்படியும் மஞ்சளாகத்தான் வரும். திரை போடாதீர்கள். அந்தப் பன்னிரண்டு படங்களில் இருந்தது அந்த வெளிச்சம்தானே?


சுவர்ப்பல்லி

இதற்கு இப்போது பெயர் என்ன? போஹோவா, மினிமலா? அலங்காரக்காரர் கேட்பார்.


குடைராட்டினம்

கேட்டார். 'காய்ந்த செங்கல், இடது பக்கம்' என்று எழுதிக்கொண்டார்.


குடைராட்டினம்

நாலரை மாதம் கழித்து. கல்யாணம் நன்றாக முடிந்தது. எல்லாம் சரியாக நடந்தது என்று சொன்னால் பொய். இரும்புச் சட்டம் பேசியதை விட ஒரு அடி குட்டையாக வந்தது. காலை முழுக்க நான் அழுதேன், இவர் கீழே இரண்டு மரப்பெட்டிகளை வைத்துத் தூக்கிவிட்டு இலையால் மூடினார். படத்தில் யாருக்கும் தெரியவில்லை. பெரியம்மா அன்னம் கொண்டுவந்தார், ஒன்று இல்லை, இரண்டு. வலது பக்கம் காலியாக இருக்கிறதே என்று அங்கே வைத்தும்விட்டார். பத்து நிமிடம் இருந்தது, அப்புறம் அப்பாவே எடுத்து வாசலில் வைத்தார். கடைசி வரிசையிலிருந்து மறைக்கிறதாம்.

இப்போது வீட்டில் 50 அடி செங்கல் நிறத் துணி கிடக்கிறது. யாருக்காவது யோசனை இருக்கிறதா?


இருபதடி

பத்தடி வெட்டி ஜன்னலுக்குப் போடுங்கள். அதற்கும் இரண்டு மடங்கு கணக்குத்தான், மறந்துவிடாதீர்கள்.


கண்ணாடிக்காரி

மீதியை எனக்கு அனுப்புங்கள். தங்கைக்குக் கல்யாணம் வருகிறது, கண்ணாடி கேட்கிறாள்.